பாதைகள் சேரும் இடம்: புதிய குடியிருப்புகளில் நடப்போரும் சைக்கிளோட்டிகளும்



இத்தொடரில் பேச வேண்டும் என்று என்னை அழைத்தவர்கள், நான் வேற்றுமை உருபுகள் பற்றியோ வட்டார வழக்குகள் பற்றியோ பேசுவேன் என எதிர்பார்த்திருக்கக்கூடும். தலைப்பை அனுப்பிய மறுநாளே செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இது பொறியாளர்கள் பேச வேண்டிய பொருள் அல்லவா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். பொறியாளர்கள் பேச வேண்டியதுதான்; அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்பாதைகளில் நாள்தோறும் நடக்கின்ற நாம் பேசவில்லை என்பதே என் கவலை. நம் வீட்டுப் பெரியவர்கள் பேசாமைக்கு ஒரு காரணம், பேசுவதற்குரிய சொற்கள் அவர்கள் கையில் இல்லாமை. அந்த அளவில் இது மொழியியலாளனுக்கும் உரிய பொருளாகிறது.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே. ஒரு புதிய குடியிருப்பில் நடப்போரும் சைக்கிளோட்டிகளும் எவ்வளவு பாதுகாப்பாகச் செல்ல முடியும் என்பது, அங்கே எத்தனை கிலோமீட்டர் பாதை போடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. ஒரு பாதை மற்றொரு பாதையோடு சேரும் இடம் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிலோமீட்டர்க் கணக்கை எல்லா அறிக்கைகளும் சொல்கின்றன. சேரும் இடங்களை எண்ணிச் சொல்லும் அறிக்கையை நான் இன்னும் படிக்கவில்லை.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இந்நாட்டுத் தமிழர் 'அஞ்சடி' என்றொரு சொல்லை வழங்கினர். இங்குள்ள இளைய மாணவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பீர்கள் என்று தெரியவில்லை. பழைய கடைவீடுகளின் முகப்பில், மேல்மாடி நீட்டிய நிழலில், கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும் நடைவழியே அஞ்சடி. மலாய்மொழியில் அது 'காக்கி லீமா'. காக்கி என்றால் அடி. லீமா என்றால் ஐந்து. ஹொக்கியன் பேசுவோர் தம் மொழியின் ஐந்து என்னும் எண்ணை மலாய்க் 'காக்கி'யோடு ஒட்டித் தமக்கென ஒரு சொல்லைச் செய்துகொண்டனர். மூன்று மொழியினர் ஒரே நடைவழியில் நடந்து, ஒரே அளவைக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர்.

இதன் தொடக்கம் 1822இல். சிங்கப்பூர் நகருக்குத் திட்டம் வகுக்கக் குழு அமைத்த ராஃபிள்ஸ், தெருவின் இருபுறத்து வீடுகளுக்கும் முன்னால் கூரையிட்ட நடைவழி வேண்டும் என்றும், அது தொடர்ச்சியாகவும் எப்போதும் திறந்ததாகவும் இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இம்மண்ணில் நடப்பவருக்கு என்ன வேண்டும் என்பதை அந்த இரண்டு நிபந்தனைகள் சொல்லிவிடுகின்றன. ஆனால் தொடர்ச்சி நிலைக்கவில்லை. கடைக்காரர்கள் சரக்குகளை அஞ்சடியில் அடுக்கினர். நடப்பவர்கள் மாட்டுவண்டிகளுக்கும் குதிரைவண்டிகளுக்கும் நடுவே இறங்கினர். 1888 பிப்ரவரியில் நகராட்சி அச்சரக்குகளை அகற்ற முனைந்தபோது கடைகள் மூடப்பட்டன, தெருக்களில் கலவரம் மூண்டது. ஒரு நடைவழியின் பெயரால் நடந்த கலவரம் அது. பாதை தொடர வேண்டும் என்ற விருப்பமும் அது இடையில் அறுந்துபோகும் நடைமுறையும் இவ்வூரில் ஏறத்தாழ ஒரே வயதுடையவை.

ஐந்து அடி என்பது இன்றைய கணக்கில் 1.5 மீட்டரைச் சற்றே தாண்டும். நம் பழைய குடியிருப்புகளில் பல நடைபாதைகள் ஏறக்குறைய இந்த அகலம்தான். இருவர் அருகருகே பேசிக்கொண்டு நடக்க அது போதும். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்து ஒன்றையொன்று கடக்க ஏறத்தாழ 1.8 மீட்டர் வேண்டும். நடப்பவருக்கென்று அளந்த அதே அகலத்தில் பின்னாளில் சைக்கிளையும் மின்ஸ்கூட்டரையும் சேர்த்துவிட்டோம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இலக்கணம் படித்த மாணவர்களுக்கு நான் சொல்லும் 'சேரும் இடம்' எளிதில் விளங்கும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியை எதற்குச் செலவிட்டார்? நிலைமொழி வருமொழியோடு சேரும்போது அந்த எல்லையில் என்ன நிகழ்கிறது என்பதை விளக்குவதற்கே. சொல்லின் நடுவே இடர் இல்லை. சொற்கள் கூடும் விளிம்பில்தான் எழுத்துத் தோன்றும், திரியும், கெடும். பாதையும் அப்படிப்பட்டது. நேராகச் செல்லும் நடைபாதையின் நடுவில் எவரும் அடிபடுவது அரிது. பாதை சாலையைச் சந்திக்கும் இடத்தில், கார் நிறுத்துமிடத்தின் வாயிலில், பேருந்து நிறுத்தத்தின் பின்புறத்தில், தூண் மறைக்கும் திருப்பத்தில் ஆபத்து காத்திருக்கிறது. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். இலக்கண ஆசிரியர்கள் அஞ்ச வேண்டாம்.

என் தம்பியின் குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புதிய குடியிருப்புக்கு மாறியது. ஊர்ப் பெயர் வேண்டாம்; அந்த நிலை பல இடங்களுக்கும் பொது. நல்ல வீடு, நல்ல காற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி தம் தாயாரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி ரயில் நிலையம் வரை அழைத்துச் சென்றார். நானும் உடன் நடந்தேன். புளோக்கின் கீழ்த்தளம் வழவழப்பானது. அதிலிருந்து கூரையிட்ட நடைவழி தொடங்கியது. கார் நிறுத்துமிடத்தின் வாயிலில் கூரை நின்றது, நடைவழியும் நின்றது. ஐந்தாறு மீட்டர் தார்ச்சாலையில் இறங்கி மறுபுறம் ஏற வேண்டியிருந்தது. ஏறும் இடத்தில் சரிவு இருந்தது, இறங்கும் இடத்தில் இல்லை. அப்பால் அழகிய பூங்கா இணைப்புப் பாதை கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் இடையில் ஒரு வடிகாலும் ஒரு கம்பிவேலியும். வேலியின் ஓர் இடைவெளியில் புல் தேய்ந்து ஓர் ஒற்றையடிப்பாதை உருவாகியிருந்தது. அவ்வழியே இளைஞர்கள் சென்றனர். நாங்கள் சாலையோரமாகச் சுற்றிச் சென்றோம். நேராகப் போனால் இருநூறு மீட்டர் இருக்கும். நாங்கள் நடந்தது அதைப்போல் மூன்று மடங்கு. "அடுத்த முறை டாக்சியிலேயே போயிடலாம்," என்றார் அந்த அம்மையார். அன்று முதல் அவர் அப்படித்தான் செய்கிறார்.

அந்த ஒற்றையடிப்பாதையைக் குறித்து ஒரு சொல். ஒரே ஓர் அடி வைக்கும் அளவுக்கு ஒடுங்கியது என்று பெயரே சொல்கிறது. எந்த அலுவலகமும் அதை வரைந்து தரவில்லை, கால்கள் வரைந்தவை. மொழியில் இதற்கு வழக்கு என்று பெயர். வழக்கைக் கண்ட இலக்கண ஆசிரியர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: பிழை என்று தடுக்கலாம், அல்லது மக்கள் ஏன் அவ்வாறு பேசுகின்றனர் என்று பார்க்கலாம். தேய்ந்த புல்லின் மீது மேலும் உயரமான வேலி போடும் திட்டமிடுநர் முதல் வகையினர். அங்கே ஒரு சிறு பாலமும் சரிவும் வைக்கும் திட்டமிடுநர் இரண்டாம் வகையினர். எனக்கு யாரைப் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய இடைவெளிகள் கவனமின்மையால் மட்டும் தோன்றுவதில்லை. அடுக்குமாடி வளாகத்தின் உட்பகுதியை ஓர் அமைப்பு பராமரிக்கும். சாலையோர நடைபாதை மற்றோர் அமைப்பின் பொறுப்பு. பூங்கா இணைப்பு வேறொன்றின் பொறுப்பு. வடிகால் இன்னொன்றுக்கு உரியது. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் செவ்வனே பணியாற்றுகிறது. எல்லைக்கோட்டின் மேல் நிற்கும் அந்த ஒரு மீட்டர் யாருடையது? வரைபடங்களில் ஒவ்வொன்றும் தனித்தனித் தாளில் வருகிறது. எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரு குழந்தை வீட்டுக் கதவிலிருந்து வகுப்பறை வரை போகும் வழியை ஒரே கோடாக விரலால் இழுத்துப் பார்ப்பதே முதல் வேலை. விரல் எங்கே நிற்கிறதோ அங்கே பொறுப்பாளர் ஒருவரின் பெயர் எழுதப்பட வேண்டும்.

இனிச் சேரும் இடத்தை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். பொறியியல் நூல்களில் பக்கம் பக்கமாக இருப்பதை நான் மூன்று நான்கு எண்களில் சொல்ல முயல்கிறேன்.

ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர் என்று கொண்டால் நான்கு தடச் சாலையின் அகலம் 14 மீட்டர். நல்ல உடல்நிலையுடன் நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார். அவருக்கு ஏறக்குறைய 12 விநாடிகள். கைத்தடியூன்றும் முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர் கடந்தால் 17 விநாடிகளுக்கு மேல் ஆகும். இடைப்பட்ட அந்த ஏறக்குறைய ஆறு விநாடியில் அவர் சாலையின் நடுவில் நிற்கிறார். சிங்கப்பூரில் 2009 முதல் நடைமுறைக்கு வந்த 'பச்சை மனிதர் பிளஸ்' திட்டத்தில் முதியவர் தம் அட்டையைத் தட்டினால் 3 முதல் 13 விநாடிகள் வரை கூடுதல் நேரம் கிடைக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆயினும் புதிதாகக் கட்டும் ஊரில் இன்னும் நல்ல வழி உண்டு: சாலையின் நடுவே அகலமான திட்டு ஒன்றை அமைத்து, கடப்பதை ஏழு ஏழு மீட்டராக இரண்டாகப் பிரித்துவிடலாம். முதியவர் ஒவ்வொரு முறையும் ஒரு திசையிலிருந்து வரும் வாகனத்தை மட்டும் பார்த்தால் போதும். சைக்கிளோடு நிற்பவரும் தள்ளுவண்டியோடு நிற்பவரும் அத்திட்டில் முழுமையாக அடங்க வேண்டும். சக்கரம் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திட்டு வெறும் அலங்காரம்.

அடுத்தது முனை. சாலை முனையின் வளைவைப் பெரிய ஆரத்தில் வரைந்தால் லாரி வேகம் குறைக்காமல் திரும்பும். சிறிய ஆரத்தில் வரைந்தால் ஓட்டுநர் தாமாகவே குறைத்தாக வேண்டும். எச்சரிக்கைப் பலகையை யாரும் படிக்காமல் போகலாம். வளைவை எல்லோரும் படித்தே தீர வேண்டும். வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? இயற்பியல் ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் காரின் ஆற்றல், 30 கிலோமீட்டரில் வரும் அதே காரின் ஆற்றலைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. முதியோர் மிகுதியாக வாழும் வட்டாரங்களில் 2014 முதல் 'வெள்ளி வட்டாரங்கள்' அமைத்துச் சாலையைக் குறுக்கி, வளைத்து, வேகத்தைக் குறைத்து வருவதன் அடிப்படையும் இதுவே. அவை பழைய சாலைகளைத் திருத்தும் முயற்சிகள். புதிய ஊரில் திருத்தம் எதற்கு? முதலிலேயே அப்படி வரைந்துவிடலாம்.

கார் நிறுத்துமிடத்தின் வாயிலுக்குத் திரும்பி வருகிறேன். நான் மிகுதியாக வற்புறுத்த விரும்பும் இடம் அதுதான். இப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பவர் இறங்கி ஏறுகிறார். கார் சமதளத்தில் செல்கிறது. இதை மாற்றி, நடைபாதையை அதே மட்டத்தில், அதே நிறத்தில், அறுபடாமல் கொண்டுசென்று, காரை ஏறி இறங்கச் செய்ய வேண்டும். செலவு அதிகம் இல்லை. ஆனால் அந்த ஒரு மேட்டினால் இடத்தின் உரிமை மாறுகிறது. ஓட்டுநர் தாம் நடப்போரின் இடத்துக்குள் நுழைகிறோம் என்பதை இருக்கையில் உணர்கிறார். சாலைக்கு மேலே கட்டிய நடைமேம்பாலங்களில் இதன் நேர்மாறான சிந்தனையைக் காணலாம். அங்கே கார் தரையில் நிம்மதியாகச் செல்லும், மூட்டுவலிக்காரர் படியேறுவார். பின்னாளில் பல பாலங்களுக்கு மின்தூக்கி பொருத்தினோம். மின்தூக்கி பொருத்த வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது.

பிற நாடுகளில் இதை எவ்வாறு எண்ணினர்? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1929இல் ராட்பர்ன் என்ற குடியிருப்பை கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் ஆகியோர் வடிவமைத்தனர். மோட்டார் வாகனக் காலத்துக்கென்று திட்டமிடப்பட்ட ஊர் அது. வீடுகளின் ஒரு பக்கம் கார் வரும் முட்டுச்சந்து; மறுபக்கம் பூங்காவும் நடைவழியும். நடைவழி சாலையைச் சுரங்கவழியாகக் கடக்கும். பிள்ளைகள் சாலையைத் தொடாமல் பள்ளி செல்லலாம். உயர்ந்த எண்ணம். ஆனால் பிற நாடுகளில் அதைப் பின்பற்றிய பல குடியிருப்புகளில், வீடுகளின் முதுகுப்புறமாகச் சென்ற நடைவழிகளும் இருண்ட சுரங்கங்களும் மாலை ஆனதும் ஆள் நடக்க அஞ்சும் இடங்களாயின. காரிடமிருந்து காப்பாற்றினார்கள், தனிமையிடமிருந்து காப்பாற்றவில்லை. ஒரு பெண்ணோ சிறுவனோ இரவு எட்டு மணிக்கு நடக்கத் தயங்கும் பாதையை வரைபடத்தில் பாதுகாப்பானது என்று எழுதுவதில் பொருள் இல்லை. அடுக்களைச் சன்னல் ஒன்று அப்பாதையைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது ஒரு காப்பிக்கடை.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகருக்கு அருகே ஹௌட்டன் என்றோர் ஊர். இன்று ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கின்றனர். சிற்றூராக இருந்த அதைப் புதுநகராக வளர்த்தபோது ராப் டெர்க்ஸ் என்ற வடிவமைப்பாளரின் திட்டத்தில் கார்களுக்கு ஊரைச் சுற்றி வட்டச்சாலை அமைந்தது. ஒரு பேட்டையிலிருந்து அடுத்த பேட்டைக்குக் காரில் போக விரும்புவோர் வட்டச்சாலைக்கு வெளியேறி, சுற்றி, மீண்டும் உள்ளே வர வேண்டும். சைக்கிளில் போவோர் நேரே ஊரின் நடுவழியாகப் போய்விடலாம். பள்ளிகளும் ரயில் நிலையமும் அந்த நடுவழியில்தான் உள்ளன. காரைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்பி மனைவியின் தாயார் அன்று சுற்றிப் போனார் அல்லவா? ஹௌட்டனில் அந்தச் சுற்று காருக்கு உரியது.

நம் தெங்கா நகர் இந்த வகையில் ஆவலுடன் பார்க்க வேண்டியது. 2016இல் அறிவிக்கப்பட்ட அப்புதுநகர் ஏறத்தாழ 700 ஹெக்டர் பரப்பும் 42,000 வீடுகளும் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. அதன் நகர மையத்தில் கார்கள் தரைக்குக் கீழே செல்லும். தரை முழுவதும் நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும். நகர மையம் சிறப்பாக அமையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கண் அந்த மையத்தைச் சென்றடையும் விளிம்புகளின் மேல்தான்.

இப்போது ஒத்திவைத்த கதை. நம் நாட்டில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது நெடுங்காலம் குற்றமாக இருந்தது. 2010இல் தெம்பனிஸ் நகரில் அது முறைப்படி அனுமதிக்கப்பட்டது. பின்னர் நாடு முழுவதற்குமான சட்டம் 2017இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நடைபாதையின் வேக வரம்பு 15 கிலோமீட்டராக இருந்து, 2019 பிப்ரவரியில் 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 5ஆம் தேதி முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டன. சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் வரம்பு 25 கிலோமீட்டர். 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்கு இணையாகச் செல்லும் நடப்போருக்கான பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. பதினைந்து ஆண்டுகளில் இத்தனை மாற்றங்கள். சட்டம் ஊசலாடியதாகச் சிலர் குறை கூறுவர். அகலம் போதாத பாதையில் இருவகையினரை நெருக்கி வைத்துவிட்டு, எண்களை மாற்றி மாற்றி அமைதி தேடினோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். கீழ்த்தளத் தூணுக்குப் பின்னாலிருந்து பந்தைத் துரத்தி வரும் குழந்தையைக் கண்டு ஒருவர் தடையைப் பிடிக்க நினைக்கும் அந்த ஒரு விநாடிக்குள் 7 மீட்டர் போய்விடுகிறது. 10 கிலோமீட்டரில் 3 மீட்டருக்கும் குறைவு. ஆகவே சைக்கிள் பாதை புளோக்கின் வாயிலை ஒட்டிச் செல்லக்கூடாது. செல்ல வேண்டிய கட்டாயம் இருந்தால், அத்திருப்பத்தில் செடிகள் ஒரு சிறுவனின் கண்மட்டத்துக்குக் கீழே வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

'பகிர்வுப் பாதை' என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். நடைபாதை என்ற சொல் அது யாருக்கு உரியது என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. சைக்கிள் பாதையும் அவ்வாறே. பகிர்வுப் பாதை என்பது இருவரையும் அழைக்கிறது. யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சட்டம் அதைச் சொல்கிறது, தரையில் வரைந்த குறிகள் சொல்கின்றன, பெயர் சொல்லவில்லை. மாற்றுச் சொல் வேண்டும் என்று நான் போராடப் போவதில்லை. 'பாதசாரி' வடசொல் என்று அதை நீக்கப் புறப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் விளங்கும் சொல்லைச் சாலையில் மாற்றுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் வகுப்பறையில் 'பகிர்வுப் பாதை' என்று எழுதும்போது, 'நடப்பவருக்கே முதலிடம்' என்று உடன் சொல்லிக்கொடுங்கள்.

சொல்லைப் பற்றிய இன்னொன்று இதைவிட ஆழமானது. செய்தித்தாளில் நாம் அடிக்கடி படிப்பது: முதியவர் சாலையின் குறுக்கே வந்தார், கார் மோதியது. 'குறுக்கே' என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். சாலை நேராகச் செல்வது. மனிதர் குறுக்கே வருபவர். நேராகச் செல்வதுதான் இயல்பு, குறுக்கே வருவது இடையூறு என்ற தீர்ப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. முதியவர் தம் வீட்டிலிருந்து சந்தைக்கு நேராகத்தான் போனார். அவருடைய வழிக்குக் குறுக்கே போடப்பட்டது சாலை. ஒரே நிகழ்வு, எதை நிலையாகக் கொள்கிறோம் என்பதில் வேறுபாடு. இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைப்பவர் வரைபடத்தைப் பார்க்கட்டும். புதிய குடியிருப்பின் முதல் தாளில் சாலைகள் முதலில் வரையப்படுகின்றன. எஞ்சிய இடத்தில் நடைவழிகள் பின்னர் நுழைக்கப்படுகின்றன. முதலில் வரைந்தது நேர். பின்னர் வரைந்தது குறுக்கு. வீட்டு வாயில், பள்ளி, சந்தை, மருந்தகம், ரயில் நிலையம் இவற்றை இணைக்கும் நடைவழிகளை முதலில் வரைந்துவிட்டு அதன் பிறகு சாலைகளை வரைந்தால், குறுக்கே வருவது எதுவாக இருக்கும்?

தமிழில் வழிகாட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு என்பதை மாணவர்கள் அறிவீர்கள். பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. அவற்றுள் மலைபடுகடாம் வழியின் இடர்களைச் சொல்லும் முறையைப் பாடமாக வைக்கலாம். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே கிடக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், கால் வழுக்கும் இடம் எது, அங்கே என்ன செய்ய வேண்டும் என்று இடம் சுட்டிச் சொல்கிறது அப்பாடல். நம் குடியிருப்புப் பலகைகள் 'கவனமாகச் செல்லவும்' என்று எல்லா இடங்களிலும் ஒன்றையே சொல்கின்றன. எல்லா இடத்திலும் சொல்லப்படும் எச்சரிக்கையை எந்த இடத்திலும் ஒருவரும் கேட்பதில்லை.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய குடியிருப்பு ஒரே நாளில் முடிவதில்லை. முதல் புளோக்கில் மக்கள் குடிவந்து, அடுத்த மனையில் இன்னும் கட்டுமானம் நடக்கும். கனரக லாரிகள் வரும், தடுப்புப் பலகைகள் நடைபாதையை மூடும், 'பாதை மூடப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு இருக்கும். வேறு வழி எது என்ற அறிவிப்பு இராது. குழந்தைகளும் லாரிகளும் ஒரே சாலையில் இருப்பது இந்த மாதங்களில்தான். குடும்பங்கள் தங்கள் பழக்கத்தை அமைத்துக்கொள்வதும் இந்த மாதங்களில்தான். முதல் பள்ளித் தவணையில் பிள்ளையைக் காரில் இறக்கிவிடத் தொடங்கிய தந்தை, இரண்டு ஆண்டுகள் கழித்து அழகான பாதை திறந்ததும் காரை விட்டுவிடுவார் என்று எதிர்பார்ப்பது கடினம். அந்தக் கார்களே பள்ளி வாயிலை நெரிசலாக்கி, நடந்து வரும் மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்தாகின்றன. ஆகவே முதல் சாவி வழங்கப்படும் நாளில் குறைந்தது பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் உள்ள வழி, தற்காலிகமானதாகவேனும், முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். சுவருக்குச் சாயம் பிறகு பூசலாம்.

மலேசியாவிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள், தங்கள் தாமான்களில் நிலைமை வேறு என்பார்கள். உண்மைதான். ஒற்றை நுழைவாயிலும் சுற்றுச்சுவரும் உடைய தாமானில், சுவருக்கு அப்பால் இருக்கும் பள்ளியை மாடியிலிருந்து பார்க்கலாம். போவதற்கு நெடுஞ்சாலை வழியே சுற்ற வேண்டும். அங்கே முதல் இணைப்பு, சுவரில் ஒரு நடைவாயில். பாதுகாப்புக்காகச் சுவர் என்பார்கள். நெடுஞ்சாலையோரத்தில் பையைச் சுமந்து நடக்கும் பிள்ளையின் பாதுகாப்பும் அக்கணக்கில் சேர வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் வகுப்பில் செயல்திட்டப் பணி என்று ஏதேனும் செய்யத்தான் போகிறீர்கள். மாணவர்களை மூவர் மூவராகப் பிரித்து, அளவு நாடாவும் கடிகாரமும் கொடுத்து, தங்கள் வீட்டுக் கதவிலிருந்து பள்ளி வரை நடக்கச் சொல்லுங்கள். பாதை வேறொன்றோடு சேரும் ஒவ்வோர் இடத்தையும் குறிக்கட்டும்: அகலம் எவ்வளவு, சரிவு இருக்கிறதா, கடக்க எத்தனை விநாடிகள், எந்தத் தூணோ செடியோ பார்வையை மறைக்கிறது. பிறகு அதே வழியில் தாத்தாவையோ பாட்டியையோ அழைத்துச் சென்று, அவர் எங்கே தயங்கி நிற்கிறார் என்று பார்க்கட்டும். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். 'இங்கே கால் தடுக்குது', 'இந்தப் பக்கம் வண்டி தெரியல' என்றுதான் அவர்கள் சொல்வார்கள். செந்தமிழாக மாற்றத் தேவையில்லை. அதற்கு இணையான தொழில்நுட்பச் சொல்லை மாணவர் அருகே எழுதிக்கொள்ளலாம்: விளிம்புக்கல், சரிவு, நடுத்திட்டு, பார்வைத் தொலைவு.

குடியிருப்பாளர் கருத்தறியும் கூட்டங்களில் தமிழ் முதியவர்கள் பின்வரிசையில் அமர்ந்து தலையசைத்துவிட்டு எழுந்து வருவதைப் பல முறை கண்டிருக்கிறேன். வண்ண வரைபடத்தின் முன் அவர்களுக்குச் சொல்ல ஏராளம் இருக்கிறது, சொல்லத்தான் இயலவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்த மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டுடன் பாட்டியின் பக்கத்தில் அமரட்டும். பாட்டி தமிழில் சொல்வதை அதிகாரியிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லட்டும். அதிகாரி சொல்லும் விடையைப் பாட்டியிடம் தமிழில் சொல்லட்டும். எந்த இணைப்பை எந்த மாதத்துக்குள், யார் முடிப்பார்கள் என்று கேட்டு, விடையைத் தேதியுடன் எழுதிக்கொண்டு வரட்டும்.

கேள்விகள் இருந்தால் மகிழ்ச்சியுடன் கேட்கிறேன்.